சார்ஜிங் நிலையத் தூணில் ஒட்டிய படம்

அனுப்புநர்
ஜெ. சந்திரகலா,
க/பெ ஜெயகணேஷ்,
ஸ்டோர்ஸ் எழுத்தர் (ஷிப்ட் பணி),
இரண்டாம் மாடி குவார்ட்டர்ஸ், வட்டம் 19,
நெய்வேலி.

பெறுநர்
கண்காணிப்பு அலுவலர் அவர்கள்,
பொது மின்வாகன சார்ஜிங் நிலையங்கள்,
நெய்வேலி.

பொருள்: பஜார் பேருந்து நிறுத்தம் எதிரிலுள்ள சார்ஜிங் நிலையத்தில் விலைப் பலகையில் இல்லாத கட்டணங்கள் வசூலிப்பது – அந்தக் குளறுபடியால் பேட்டரி ஆட்டோ ஓட்டுநர் திரு. ராஜாங்கம் மீது மின்திருட்டுப் பழி விழுந்தது – அவரது படத்தை நிலையத் தூணிலிருந்து அகற்றக் கோருவது – எனது முந்தைய புகாரைத் திரும்பப் பெறுவது – தொடர்பாக.

பார்வை: 1. எனது புகார், நாள் 20-05-2019.
2. "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று நிறுவனம் அனுப்பிய குறுஞ்செய்திகள் மூன்று.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பார்வை 1-இல் கண்ட புகாரை எழுதியவள் நான். இந்த மனுவை எழுதுபவளும் நான். அந்தப் புகாரில் "யாரோ என் அட்டையில் மின்சாரம் திருடுகிறார்கள்" என்று எழுதியிருந்தேன். அது தவறு. தவறு என்னுடையது என்பதால் அதைத் திருத்த வேண்டியவளும் நானே. ஆனால் அந்தத் தவறுக்கு வழி போட்டுக் கொடுத்தது சார்ஜிங் நிலையத்தின் விலைப் பலகை. ஆகவே இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். மனு நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சுருக்கமாக எழுதிய முதல் மனு செய்த வேலையே போதும்.

1. நான் இருபத்து மூன்று ஆண்டுகளாகச் சுரங்க ஸ்டோர்ஸில் எழுத்தர். சொந்த ஊர் விருதுநகர் பக்கம். ஒரு போல்ட்டு கொடுத்தாலும் மூன்று பிரதி எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடமாட்டேன் என்று பிரிவில் என்னைக் கேலி செய்வார்கள். கடந்த பிப்ரவரியில் பெட்ரோல் விலைக்குப் பயந்து ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினேன். அதன் பேட்டரியைக் கழற்றி இரண்டாம் மாடிக்குத் தூக்கிப் போக முடியாது. மாடியிலிருந்து ஒயரைத் தொங்கவிடுவது ஆபத்து. ஆகவே மார்ச் மாதம் பஜாரில் சார்ஜிங் நிலையம் திறந்ததும் முதலில் அட்டை வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. வண்டியை அங்கே சார்ஜில் விட்டுவிட்டு, எதிரிலேயே ஷிப்ட் பஸ் ஏறிவிடலாம். நிலையத்தை ஒப்பந்தத்தில் நடத்துவது சுடர்வழி சார்ஜிங் சர்வீசஸ் என்ற தனியார் நிறுவனம்.

2. நிலையத்தின் தூணில் உள்ள பலகையில் "ஒரு யூனிட் ரூ.6 முதல்" என்று எழுதியிருக்கிறது. ஆறு என்பது ஆளுயரம். "முதல்" என்பது எறும்பளவு. 17-03-2019 ஞாயிறு, எனக்கு வார விடுமுறை. காலை ஏழு மணிக்குப் போய், கூடவே நின்று, சார்ஜ் ஏற்றி, நானே ப்ளக்கைப் பிடுங்கி அட்டையைக் காட்டி முடித்தேன். ஏறியது 1.4 யூனிட். பலகைக் கணக்குப்படி ரூ.8.40. வந்த பில்லை அப்படியே தருகிறேன்: மின்சாரம், நெரிசல் நேர விலை யூனிட் ஒன்பது ரூபாய் வீதம், ரூ.12.60. இணைப்புக் கட்டணம் ரூ.10. சேவைக் கட்டணம் ரூ.5. வரி ரூ.4.97. முழுமையாக்கல் 43 காசு. ஆக மொத்தம் ரூ.33. இணைப்பு கொடுக்காமல் சேவை எப்படிச் செய்வார்கள், சேவை செய்யாமல் இணைப்பு எதற்கு என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த முழுமையாக்கல் ஒருமுறைகூடக் கீழ்நோக்கி நடந்ததில்லை என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. நெரிசல் நேரம் எது என்று கேட்டேன். காலை ஐந்து முதல் ஒன்பது, மதியம் ஒன்று முதல் மூன்று, இரவு ஒன்பது முதல் பதினொன்று என்றார்கள். ஐயா, இந்த ஊரில் ஷிப்ட் மாறுவது ஆறு, இரண்டு, பத்து. ஷிப்டுக்குப் போகிறவர்கள் வேறு எந்த நேரத்தில் பஜாருக்கு வந்து வண்டியை விடுவார்கள்? பலகையில் இருக்கும் ஆறு ரூபாய்க்கு மின்சாரம் வாங்க வேண்டுமென்றால் லீவு போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். இதெல்லாம் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டதற்கு, "ஆப்ல இருக்கு மேடம்" என்றார்கள். ஆப்பில் பார்த்தேன். ஆங்கிலத்தில் நாற்பத்தொரு பக்கம். இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு கட்டினேன். மாதம் நூறு இருநூறு கூடுதலாகப் போனாலும் பெட்ரோலை விடக் குறைவுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

4. இனி திரு. ராஜாங்கம் அவர்களைப் பற்றி. வயது ஐம்பத்திரண்டு. சொந்த ஊர் காடாம்புலியூர். முன்பு இங்கே கான்ட்ராக்டில் மண் வேலை பார்த்தவர். கடன் வாங்கிப் பேட்டரி ஆட்டோ எடுத்து, சார்ஜிங் நிலையத்தை ஒட்டிய ஸ்டாண்டில் ஓட்டிக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரரான தங்களுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. சுரங்கக் குடியிருப்பான இந்த நகரியத்தில் ஷிப்டுக்குப் போனவர் வீட்டுப் பொருளை இருப்பவர் பார்த்துக்கொள்வார். காலை ஏ ஷிப்ட் போனவர் வீட்டு கேஸ் சிலிண்டரை மதியம் பி ஷிப்ட் போகப் போகிறவர் வாங்கி வைப்பார். பால் பாக்கெட்டும் தபாலும் அப்படியே. இதற்கு யாரும் நன்றிகூடச் சொல்வதில்லை. சார்ஜிங் நிலையத்திலும் அந்த வழக்கம் தானாக வந்துவிட்டது. நான்கு ப்ளக் பாயிண்ட், இருபது வண்டி. ஒருவர் வண்டி நிரம்பிப் பச்சை விளக்கு எரிந்தால், ஸ்டாண்டில் இருப்பவர் அதன் ப்ளக்கைப் பிடுங்கி, அந்தப் பாயிண்டில் வரிசையில் அடுத்துள்ள வண்டியின் ப்ளக்கைச் செருகிவிடுவார். சுரங்கத்துக்குள் இருப்பவர் பாதி ஷிப்டில் ப்ளக் பிடுங்க எழுந்து வர முடியாதல்லவா?

5. இதைப் பெரும்பாலும் செய்தவர் ராஜாங்கம். பிடுங்கிய ஒயரைச் சுற்றி வண்டியின் முன்பெட்டியில் வைப்பார். அனல்மின் நிலையச் சாம்பல் தூசி படியாமல் இருக்கையில் சாக்கு போட்டு மூடுவார். பி ஷிப்ட் நாட்களில் நான் போகும்போது நான்கு பாயிண்டும் நிறைந்திருக்கும். அட்டையையும் ஒயரையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடுவேன். "நீங்க ஷிப்ட்டுக்குப் போங்க மேடம், வண்டிய நான் பாத்துக்கினு கெடக்கறேன்" என்பார். வரிசைச் சண்டை வரக்கூடாது என்று ஒரு நாற்பது பக்க நோட்டை நூலில் கட்டி அந்தத் தூணிலேயே தொங்கவிட்டிருந்தார். எந்த வண்டி எத்தனை மணிக்குப் போட்டது, எப்போது பிடுங்கியது, அடுத்து எந்த வண்டி என்று தமிழில் எழுதி வைப்பார். என் பெயர் அதில் "ஸ்டோர்ஸ் மேடம்". அந்த நோட்டு பின்னால் வரும் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

6. 14-05-2019 அன்று எனக்கு ஏ ஷிப்ட். காலை 5.20-க்கு வண்டியைப் போட்டேன். மதியம் 2.30-க்கு வந்து எடுத்தேன். ரூ.101 பில். அதில் 7.8 யூனிட் என்று இருந்தது. என் ஸ்கூட்டர் பேட்டரி முழுதாகக் குடித்தாலும் ஒன்றரை யூனிட்டைத் தாண்டாது. மீதி 6.4 யூனிட் எங்கே போனது? பழைய பில்களைப் புரட்டினால் இதேபோல இன்னும் இரண்டு நாட்கள். ஸ்டோர்ஸில் சரக்கு குறைந்தால் முதலில் கேட்பது "யார் எடுத்தது?" என்ற கேள்விதான். கணக்கு எழுதிய முறை சரியா என்று பிறகுதான் பார்ப்போம். இருபத்து மூன்று வருடப் பழக்கம் எனக்கு அன்று கெடுதல் செய்தது. ஸ்டாண்டில் ஒரு வார்த்தை விசாரிக்காமல், 20-05-2019 அன்று நிறுவனத்துக்குப் புகார் எழுதி, நகலைத் தங்கள் அலுவலகத்திலும் கொடுத்தேன். கேமரா பார்த்து ஆளைக் கண்டுபிடித்து நடவடிக்கை எடுக்கும்படி அடிக்கோடிட்டுக் கேட்டிருந்தேன்.

7. கேட்டது கிடைத்தது. விலையைப் பற்றி நான் கேட்ட ஒரு கேள்விக்கும் பதில் தராத நிறுவனம், இதற்கு ஒரே வாரத்தில் நடவடிக்கை எடுத்தது. 27-05-2019 அன்று ஷிப்ட் முடிந்து நான் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது, விலைப் பலகைக்குக் கீழே ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். ராஜாங்கம் என் ஸ்கூட்டரின் ப்ளக்கைப் பிடுங்கித் தன் ஆட்டோவின் ப்ளக்கைச் செருகும் படம். மேலே சிவப்பு எழுத்தில் "மின்திருடர்", கீழே ஆட்டோ எண், "நிரந்தரத் தடை". இதில் தமிழ் எழுத்தெல்லாம் பெரிதாகவும் தெளிவாகவும் இருந்தது. அவர் தொங்கவிட்ட நோட்டையும் அறுத்துவிட்டார்கள். அன்றே அவர் ஸ்டாண்டை விட்டுப் போய்விட்டார். 14-ஆம் தேதிக் கணக்குக்காக மட்டும் என் அட்டையில் அறுபத்தெட்டு ரூபாய் திரும்ப ஏறியிருந்தது. உண்மையைச் சொல்கிறேன் ஐயா, அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன். என் கணவர் மட்டும், அந்த ஆள் உன்னைப் பார்த்ததும் வணக்கம் வைப்பாரே, அவரா என்று கேட்டார்.

8. அதன்பிறகு நிலையத்தில் யாரும் யார் ப்ளக்கையும் தொடுவதில்லை. தொட்டால் படம் ஏறிவிடும் என்ற பயம். ஜூன் முதல் தேதி நிறுவனம் "நிறுத்தக் கட்டணம்" என்று புதிதாக ஒன்றைச் சேர்த்தது. வண்டி நிரம்பிப் பதினைந்து நிமிடத்துக்குமேல் ப்ளக்கில் இருந்தால் நிமிடத்துக்கு ஒரு ரூபாய். இதுவும் பலகையில் கிடையாது. 11-06-2019 அன்று காலை 7.50-க்கு என் வண்டி நிரம்பியிருக்கிறது. 8.05 முதல் 2.30 வரை 385 நிமிடம், 385 ரூபாய். மின்சாரம் 12.60, இணைப்பு 10, சேவை 5, வரி 74.27, வழக்கமான முழுமையாக்கல் 13 காசு. மொத்தம் ரூ.487. பலகைப்படி எட்டு ரூபாய் நாற்பது காசுக்கு மின்சாரம் வாங்கப் போன எனக்கு நானூற்று எண்பத்தேழு ரூபாய்! சும்மா நின்ற வண்டிக்கு வாங்கிய கட்டணத்துக்கு வரியும் போட்டிருக்கிறார்கள். உதவி எண்ணில் கூப்பிட்டால், நிரம்பியவுடன் வந்து எடுத்திருக்க வேண்டும் என்கிறார்கள். சுரங்க ஸ்டோர்ஸ் கவுன்ட்டரைப் பூட்டிவிட்டு ப்ளக் பிடுங்க வந்தால் அடுத்த நாள் என் படத்தை எங்கே ஒட்டுவார்கள் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

9. அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. ராஜாங்கம் இருந்தவரை என் வண்டி பஜாரில் எட்டு மணி நேரம் நின்றிருக்கிறது. ஆனால் ப்ளக்கில் நின்றதில்லை. 07-07-2019 ஞாயிறு, என் அட்டையையும் கணவர் அட்டையையும், இரண்டு வண்டிகளையும் எடுத்துப் போய் நானே சோதித்தேன். ஒருவர் அட்டையைக் காட்டித் தொடங்கிய கணக்கு, அதே அட்டையை மறுபடி காட்டினால்தான் முடிகிறது. ப்ளக்கைப் பிடுங்கினால் முடிவதில்லை. நடுவில் வேறு அட்டையைக் காட்டினால் இயந்திரம் அதற்கும் "பீப்" என்று சத்தம் போடுகிறது. ஆனால் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி நான்கு விநாடி தோன்றி மறைகிறது, அவ்வளவுதான். அதாவது ராஜாங்கம் என் ப்ளக்கைப் பிடுங்கித் தன் அட்டையைக் காட்டியிருக்கிறார். பீப் வந்திருக்கிறது. தன் காசில்தான் ஏறுகிறது என்று நம்பியிருக்கிறார். கேமராப் படத்தை உற்றுப் பார்த்தால் அவர் கையில் அட்டை இருப்பது தெரியும். திருட வந்தவர் எதற்கு அட்டையை எடுத்து நீட்டுகிறார் என்று நிறுவனம் யோசிக்கவில்லை. நானும்தான் ஒன்றரை மாதம் அந்தப் படத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தேன்.

10. மறுநாள் ஸ்டாண்டில் போய் ராஜாங்கம் எங்கே என்று விசாரித்தேன். ஓட்டுநர்கள் சாலையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மாளைக் கைகாட்டினார்கள். அவர் பெயர் மாணிக்கம்மாள். ராஜாங்கத்தின் மனைவி. கான்ட்ராக்டில் துப்புரவு வேலை. பஜார் சாலைதான் அவருக்கு ஒதுக்கிய இடம். தினமும் காலையில் தன் கணவர் படம் ஒட்டிய தூணின் அடியைக் கூட்டிவிட்டுத்தான் அவர் அடுத்த தெருவுக்குப் போகிறார். ஏன் அதைக் கிழித்துப் போடவில்லை என்று கேட்டுவிட்டேன். "மேல கேமரா இருக்குதுங்க மேடம். அவரு பொழப்பு போச்சு. எம்பொழப்பும் போவணுமா?" என்றார். பழி சொன்னவள் நான்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அவர் சொன்ன இன்னொன்றையும் மாற்றாமல் எழுதுகிறேன்: "வூட்டாண்ட வந்து ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே மேடம். அந்த மனுசன் உங்க வண்டிக்குச் சாக்கு போட்டுக்கினு இருந்தாரே." சாலையிலேயே அழுதுவிட்டேன். அவர்தான் என்னை ஓரமாக உட்கார வைத்தார்.

11. ராஜாங்கம் இப்போது காடாம்புலியூரில் ஒரு முந்திரித் தொழிற்சாலையில் மூட்டை தூக்குகிறார். ஆட்டோ வீட்டின் முன் நிற்கிறது. அவர்கள் வீட்டு மின் இணைப்பில் அதற்குச் சார்ஜ் ஏற்ற முடியாது. நிலையத்தில் அவருக்குத் தடை. அடுத்த வாரம் மாணிக்கம்மாள் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே அந்த நாற்பது பக்க நோட்டு. நிறுவனத்தார் அறுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டதை அன்று குப்பை அள்ளும்போது அவர் எடுத்து வைத்திருக்கிறார். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. அவரு கையெழுத்துன்னு எடுத்து வெச்சேன்" என்றார்.

12. ஸ்டோர்ஸில் பின் கார்டு என்று ஒன்று எழுதுவோம். ஒவ்வொரு பொருளுக்கும் வந்தது ஒரு பத்தி, போனது ஒரு பத்தி, மீதி கடைசிப் பத்தி. ராஜாங்கத்தின் நோட்டையும், ஒன்பது பேரின் அட்டைப் பில்களையும் வைத்துக்கொண்டு அப்படி ஒரு கணக்கு எழுதினேன். ராஜாங்கத்தின் பழைய பில்களை மாணிக்கம்மாள் மூலம் வாங்கினேன். மார்ச் 17 முதல் மே 26 வரை. மற்றவர் அட்டைகளில் ராஜாங்கத்தின் ஆட்டோவுக்கு ஏறியது 118 யூனிட். தன் ஆட்டோவைப் பிடுங்கிய பாயிண்டில் அவர் அடுத்த வண்டியைப் போட்டு அந்த வண்டிக்காரர் அட்டையைக் காட்டியபோதும் இயந்திரம் இதே வேலையைத்தான் செய்திருக்கிறது: ராஜாங்கத்தின் அட்டையில் மற்றவர் வண்டிகளுக்கு ஏறியது 163 யூனிட். திருடர் என்று படம் ஒட்டப்பட்டவர் 45 யூனிட் நட்டத்தில் இருக்கிறார். தன் பில் அதிகமாக வருகிறதே என்று அவர் ஒருநாளும் யாரையும் சந்தேகப்படவில்லை. விலையே அப்படித்தான் போல என்று நினைத்துக் கட்டியிருக்கிறார். இந்தப் பலகையைப் பார்க்கிற யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

13. எனக்கும் அவருக்கும் உள்ள கணக்கைத் தனியாகச் சொல்ல வேண்டும். என் அட்டையில் அவருக்கு ஏறியது மூன்று நாட்கள்: 6.4, 6.1, 6.3, மொத்தம் 18.8 யூனிட். அவர் அட்டையில் எனக்கு ஏறியது, நான் வண்டியை அவர் பொறுப்பில் விட்டு ஓடிய பி ஷிப்ட் நாட்கள் பதினேழு. நாளுக்கு 1.4 வீதம் 23.8 யூனிட். அந்தப் பதினேழு நாட்களில் என் அட்டையில் ஒரு பைசா கழியவில்லை. மூன்று நாள் கூடுதலாகக் கழிந்ததைக் கண்டுபிடித்துப் புகார் எழுதிய எனக்கு, பதினேழு நாள் கழியாமல் இருந்தது கண்ணில் படவேயில்லை. ஆகவே ஐந்து யூனிட் நான் அவருக்குத் தர வேண்டியவள். அந்தத் தூணில் எழுதியிருக்கும் சொல்லை நிறுவனம் பயன்படுத்துகிற அர்த்தத்தில் பயன்படுத்தினால், அது எனக்குத்தான் பொருந்தும். திரும்ப ஏறிய அறுபத்தெட்டு ரூபாயை நான் தொடவில்லை. அட்டையில் அப்படியே இருக்கிறது.

14. இதையெல்லாம் நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. என்ன தீர்ந்தது, யார் தீர்த்தது என்று தெரியவில்லை. படம் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆகஸ்டு மழையில் ஓரம் கிழிந்தது; புதிதாக ஒன்று அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். நிலையப் பொறுப்பாளர் திரு. வளவனிடம் நேரில் கேட்டேன். சின்ன வயது, நல்ல பையன். "நானும் கான்ட்ராக்ட்டுங்க மேடம். மேலேருந்து ஒட்டச் சொன்னா ஒட்டுவேன், எடுக்கச் சொன்னா எடுப்பேன். எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலீங்க" என்றார். அவர் மீது எனக்குப் புகார் இல்லை. மறுபடியும் தவறான ஆளின் மீது நடவடிக்கை எடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

15. ஆட்டோ ஸ்டாண்டில் ராஜாங்கத்தின் இடம் இன்னும் காலியாக இருக்கிறது. வருகிற 30-ஆம் தேதிக்குள் பழி நீங்காவிட்டால் அதை வேறொருவருக்குக் கொடுக்கப்போவதாக ஓட்டுநர்கள் சொல்கிறார்கள். நான் காடாம்புலியூர் போய் ராஜாங்கத்தைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. "நீங்க சொன்னா ஆச்சா மேடம்? தூணு சொல்லுதே" என்றார். படம் இறங்காமல் நகரியத்துக்குள் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்.

ஆகவே ஐயா அவர்கள் கீழ்க்கண்டவற்றை, எழுதியிருக்கும் வரிசையிலேயே, செய்து தர வேண்டுகிறேன்.

அ) 30-09-2019-க்கு முன் தூணிலிருந்து படத்தை அகற்ற உத்தரவிட வேண்டும்.

ஆ) அதே இடத்தில், அதே அளவில், அதே தடிமனான தமிழ் எழுத்தில், திரு. ராஜாங்கம் மின்சாரம் திருடவில்லை என்று அறிவிப்பு ஒட்ட வேண்டும். அது எத்தனை நாள் இருக்க வேண்டும் என்றால், அந்தப் படம் இருந்த அத்தனை நாள். இன்றைய தேதிக்கு நூற்றுப் பதின்மூன்று.

இ) அவரது அட்டைத் தடையை நீக்கி, 45 யூனிட்டுக்கான தொகையை அவருக்குத் திருப்பித் தர வேண்டும். என் பங்குக்கு என் அட்டையில் உள்ள அறுபத்தெட்டு ரூபாயையும் அவருக்கே மாற்ற வேண்டும்.

ஈ) வாங்குகிற ஒவ்வொரு கட்டணத்தையும், நெரிசல் நேரத்தையும், கணக்கு எப்படித் தொடங்கி எப்படி முடியும் என்பதையும், பலகையில் ஒரே அளவு எழுத்தில் தமிழில் எழுத வேண்டும். ப்ளக்கைப் பிடுங்கினால் கணக்கு முடிய வேண்டும். ஷிப்டுக்குப் போனவரிடம் நிறுத்தக் கட்டணம் வாங்கக் கூடாது. என்னிடம் வாங்கிய கூடுதல் தொகை பற்றித் தனியாக மனு கொடுப்பேன், அதற்கு அவசரமில்லை.

(அ)-வையும் (ஆ)-வையும் விட்டுவிட்டு (ஈ)-யை மட்டும் செய்து, புகார் தீர்க்கப்பட்டது என்று எனக்கு நான்காவது குறுஞ்செய்தி அனுப்ப வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். விலை இன்று இல்லாவிட்டால் நாளை சரியாகும். மாணிக்கம்மாள் நாளைக் காலையும் அந்தத் தூணடியைக் கூட்ட வேண்டும்.

ஏதேனும் ஒரு விதியின் காரணமாகப் படத்தை அகற்ற இயலாது என்றால், அதே விதிப்படி எனக்கும் செய்ய வேண்டியதைச் செய்துவிடவும். ராஜாங்கம் என்னிடம் எடுத்ததை விட நான் அவரிடம் எடுத்தது ஐந்து யூனிட் அதிகம் என்பதற்கான ஆதாரம் இத்துடன் உள்ளது. அவர் படத்துக்குப் பக்கத்தில் தூணில் இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டேன்.

தங்கள் உத்தரவை எதிர்பார்க்கும்,

(ஒப்பம்) ஜெ. சந்திரகலா

இடம்: நெய்வேலி
நாள்: 16-09-2019, திங்கட்கிழமை

இணைப்புகள்:
1. எனது பில்கள் (17-03, 14-05, 11-06) – நகல்.
2. ஒன்பது பேரின் அட்டைப் பில்கள், திரு. ராஜாங்கத்தின் பில்கள் – நகல், அவரவர் ஒப்பத்துடன்.
3. திரு. ராஜாங்கத்தின் வரிசை நோட்டு – நகல் மட்டும். அசலை மாணிக்கம்மாள் தர மறுத்துவிட்டார்.
4. பின் கார்டு முறையில் எழுதிய கணக்கு – மூன்று பிரதிகள்.
5. எனது பாஸ்போர்ட் அளவு புகைப்படம் – இரண்டு. ஒன்று தூணில் ஒட்டுவதற்கு. மற்றொன்று, மழையில் கிழிந்தால் மாற்றி ஒட்டுவதற்கு.